களிமண் உருண்டைகளுக்கு மாற்றிய செடியின் இலைகள் மஞ்சளாவது குறித்து

வணக்கம். மண்ணில் வளர்ந்த மணி பிளாண்டைச் சுட்ட களிமண் உருண்டைகளுக்கு மாற்றிய மூன்றே வாரங்களில் அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன என்றும், தொட்டியில் பாதி உயரத்துக்கு நீர் நிறுத்தியிருக்கிறீர்கள் என்றும், மேல் உருண்டைகளில் வெள்ளையாக ஏதோ படிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் நீர்மட்டத்தைக் குறையுங்கள். ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது உள்ளே உண்டாகும் வாயுவால் உப்பி, நுண்துளைகள் நிறைந்தவையாக மாறும் இந்த உருண்டைகள் அடியிலுள்ள நீரைத் தாமே மேலே இழுத்துக்கொள்ளும் என்பதால், தொட்டியின் உயரத்தில் கால் பங்கு நீரே போதும். அதற்கு மேல் நின்றால் வேர்கள் காற்றின்றித் திணறும்.

அடுத்து, செடியை மெல்ல வெளியே எடுத்து வேர்களைப் பாருங்கள். விரலால் நீவும்போது மேல்தோல் வழுக்கிக் கழன்று, நூல் போன்ற நடுநரம்பு மட்டும் மிஞ்சினால் அது அழுகிய வேர். அதைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, ஒட்டியிருக்கும் பழைய மண்ணை ஒரு துளிகூட விடாமல் கழுவுங்கள். என் அனுபவத்தில் பலரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். மண்ணில் உருவான வேர்கள் சில மடிவதும், பிறகு நீருக்குப் பழகிய புதிய வெள்ளை வேர்கள் கிளம்புவதும் இயல்பே. ஆகையால் தயவுசெய்து செடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

வெள்ளைப் படிவு கெட்டியாகப் பொருக்குப்போல் இருந்தால் அது நீரிலுள்ள உப்பு. மாதம் ஒருமுறை மேலிருந்து நீரூற்றி அலசி வடித்தால் குறையும்.

உருண்டைகளில் சத்து என்று எதுவும் இல்லாததால், புதிய வேர்கள் தென்பட்டதும் மண்ணில்லா வளர்ப்புக்கான திரவ உரத்தைப் புட்டியில் குறித்துள்ள அளவில் பாதி மட்டும் கலந்து கொடுக்கத் தொடங்குங்கள்.