வரியைக் கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர்: பொது நிதியியல் கேள்வி–பதில்

கேள்வி: இளங்கலைப் பொருளியலில் பொது நிதியியல் தாளைப் படித்துவருகிறேன். வரி விதிகள், கோட்பாடுகள், வரையறைகள் என்று மனப்பாடம் செய்யவே நேரம் போதவில்லை. தேர்வு முடிந்ததும் அனைத்தும் மறந்துவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது. இந்தப் பாடத்தை எங்கிருந்து தொடங்கினால் புரிந்து படிக்க முடியும்?

பதில்: ஆடம் ஸ்மித் 1776இல் கூறிய சமத்துவம், உறுதி, வசதி, சிக்கனம் ஆகிய நான்கு வரி விதிகளில் தொடங்கி, டால்டனின் அதிகபட்ச சமூக நன்மைக் கோட்பாடு, வாக்னரின் விதி என்று பாடத்திட்டங்கள் வரிசையாக அடுக்கிச் செல்வதுதான் தங்கள் சிரமத்திற்குக் காரணம். அந்த வரிசையில் விடைகள் இருக்கின்றன; அவை எந்தக் கேள்விக்கான விடைகள் என்பதுதான் மாணவர்களுக்குத் தெரிவதில்லை. அரசு ஒரு வரியை விதிக்கும்போதோ ஒரு செலவைச் செய்யும்போதோ அதன் சுமையும் பயனும் கடைசியில் யாரைச் சேருகின்றன என்பதே இந்தப் பாடத்தின் அடிப்படைக் கேள்வி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். எனவே வரிச்சுமை பற்றிய அத்தியாயத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரு கணக்கோடு தொடங்குங்கள்.

ஒரு பொருளின் தேவை 120-லிருந்து விலையைக் கழித்தால் கிடைக்கும் அளவு என்றும், அதன் அளிப்பு விலையைப் போல இருமடங்கு என்றும் வைத்துக்கொள்வோம். வரி இல்லாதபோது விலை 40 ஆகவும் விற்பனை 80 அலகுகளாகவும் அமையும். இப்போது அலகு ஒன்றுக்கு 15 வீதம் விற்பவர் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வருகிறது. சமநிலையை மீண்டும் கணக்கிட்டால், வாங்குபவர் கொடுக்கும் விலை 50 ஆக உயர்கிறது. வரியைக் கட்டிய பின் விற்பவர் கையில் 35 நிற்கிறது. விற்பனை 70 அலகுகளாகக் குறைகிறது. சட்டப்படி முழு வரியையும் கட்டுபவர் விற்பவரே என்றாலும், அந்த 15-இல் 10 வாங்குபவர் தலையில் விழுகிறது, 5 மட்டுமே விற்பவரைச் சேர்கிறது. அதே வரியை வாங்குபவரே கட்ட வேண்டும் என்று சட்டத்தை மாற்றி எழுதி, கணக்கை மறுபடியும் போட்டுப் பாருங்கள். இதே 10, 5 என்ற பங்கீடுதான் வரும். சுமையைத் தீர்மானிப்பது நெகிழ்ச்சி, அதாவது விலை மாறும்போது வாங்கும் அளவும் விற்கும் அளவும் எவ்வளவு மாறுகின்றன என்பது. விலை மாறும்போது எளிதில் விலகிக்கொள்ள முடியாத தரப்பே அதிகம் சுமக்கிறது.

இந்தக் கணக்கை இதோடு விட்டுவிட வேண்டாம். அரசுக்குக் கிடைக்கும் வருவாய் 1,050. விற்பனையாகாமல் போன 10 அலகுகளால் வாங்குபவரும் விற்பவரும் இழந்த நன்மை 75. இது அரசு உட்பட எவர் கைக்கும் போகாத இழப்பு. வரியை 30 ஆக உயர்த்தினால் வருவாய் 1,800 ஆகிறது, அதாவது இருமடங்கைக்கூட எட்டவில்லை. ஆனால் இழப்போ 300 ஆகி நான்கு மடங்காகிவிடுகிறது. ஒரே பொருளின் மீது கடுமையான வரி விதிப்பதைவிடப் பரந்த தளத்தின் மீது குறைந்த விகிதத்தில் விதிப்பது நல்லது என்று பொருளியலாளர்கள் பொதுவாகச் சொல்வதன் அடிப்படை இதுதான்.

இதிலிருந்தே அடுத்த சிக்கல் பிறக்கிறது. இழப்பைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால், நெகிழ்ச்சி குறைந்த பொருள்களின் மீது அதிக வரி விதிக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஃபிராங்க் ராம்சே 1927இல் தொடங்கிவைத்த ஆய்வு நம்மைக் கொண்டுசெல்கிறது. ஆனால் அப்படிப்பட்ட பொருள்களில் பல அத்தியாவசியப் பொருள்கள். வருமானம் குறைந்தவர்கள் தங்கள் வருமானத்தில் பெரும்பங்கை அவற்றிற்கே செலவிடுகிறார்கள். திறனும் நியாயமும் இங்கே நேருக்கு நேர் மோதுகின்றன. ஒதுக்கீடு (வளங்களை எவற்றுக்குப் பயன்படுத்துவது), பகிர்வு (வருமானம் யாருக்கு எவ்வளவு சேர்வது), நிலைப்படுத்தல் (விலைவாசியையும் வேலைவாய்ப்பையும் நிலையாக வைப்பது) என்று அரசின் நிதிப் பணிகளை ரிச்சர்ட் மஸ்கிரேவ் 1959இல் மூன்றாகப் பிரித்துக் காட்டியதை இந்த மோதலை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.

கேள்வி: கணிதத்தில் நான் சுமார்தான். இந்தத் தாளுக்கு எவ்வளவு கணிதம் தேவைப்படும்?

பதில்: இளங்கலை நிலையில் நேர்கோட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கவும், வரைபடத்தில் முக்கோணத்தின் பரப்பைக் கணக்கிடவும் தெரிந்தாலே பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். மேலே போட்ட கணக்கில் அதற்கு மேல் எதுவும் இல்லை. உகந்த வரி விகிதங்களைத் தருவிக்கும் பகுதி பாடத்திட்டத்தில் இருந்தால் மட்டும் வகைநுண்கணிதம் தேவைப்படும்.

கேள்வி: அரசு வழங்கும் அனைத்தும் பொதுப் பண்டங்கள்தானே? பாடநூல் ஏன் அப்படிச் சொல்ல மறுக்கிறது?

பதில்: பாடநூல் சொல்வதே சரி. யார் வழங்குகிறார் என்பதை வைத்துப் பொதுப் பண்டம் தீர்மானிக்கப்படுவதில்லை. ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பணம் கொடுக்காதவரை விலக்கி வைக்கவும் இயலாமல் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையின் படுக்கை முதல் நிபந்தனையிலேயே தவறிவிடுகிறது. தெருவிளக்கு இரண்டிலும் தேறுகிறது. பால் சாமுவேல்சன் 1954இல் மூன்றே பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு தெளிவான விதியைத் தந்தார். 12 செலவாகும் ஒரு விளக்கை ஒருவர் 6 என்றும் அவருடைய அண்டை வீட்டார் 9 என்றும் மதிப்பதாகக் கொண்டால், தனித்தனியே இருவரும் அதை வாங்க மாட்டார்கள். ஆனால் இருவரின் மதிப்பையும் கூட்டினால் 15 வருவதால் விளக்கைப் போடுவதே சரி. தனியார் பண்டத்திற்குத் தேவைக் கோடுகளைக் கிடைமட்டமாகவும் (ஒரே விலையில் ஒவ்வொருவரும் வாங்கும் அளவுகளைக் கூட்டி) பொதுப் பண்டத்திற்குச் செங்குத்தாகவும் (ஒரே அளவுக்கு ஒவ்வொருவரும் தரும் மதிப்புகளைக் கூட்டி) கூட்டுவதன் பொருள் இதுவே. தமது உண்மையான மதிப்பை மறைத்துவிட்டு மற்றவர் செலவில் வெளிச்சம் பெறலாம் என்று இருவருமே நினைக்கக்கூடும் என்பதால்தான், இத்தகைய பண்டங்களுக்குக் கட்டாய வரி தேவைப்படுகிறது.

கேள்வி: நிதிப் பற்றாக்குறைக்கும் முதன்மைப் பற்றாக்குறைக்கும் என்ன வேறுபாடு? கடன் வாங்கும் அரசு என்றாவது அதை அடைத்துத் தீர்க்க வேண்டாமா?

பதில்: கடன் வரவுகளைத் தவிர்த்த மொத்த வரவுகளை மொத்தச் செலவு எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுவே நிதிப் பற்றாக்குறை. அதிலிருந்து வட்டிச் செலவைக் கழித்தால் வருவது முதன்மைப் பற்றாக்குறை. வட்டி முந்தைய ஆண்டுகளின் முடிவுகளால் வருவது என்பதால், இவ்வாண்டின் வரவுசெலவு எப்படி நடத்தப்படுகிறது என்பதை முதன்மைப் பற்றாக்குறையே நேராகக் காட்டுகிறது.

கடனை முழுவதும் அடைத்துத் தீர்க்க வேண்டும் என்ற கட்டாயம், தொடர்ந்து இயங்கும் அரசுக்கு இல்லை. நாட்டு உற்பத்தியோடு ஒப்பிடும்போது கடன் எத்திசையில் நகர்கிறது என்பதையே கவனிக்க வேண்டும். கடன் உற்பத்தியில் 60 விழுக்காடாக இருந்து, வட்டி 6 விழுக்காடாகவும், விலைவாசி உயர்வையும் சேர்த்த உற்பத்தி வளர்ச்சி 8 விழுக்காடாகவும் இருந்தால், முதன்மைப் பற்றாக்குறை பூஜ்யமாக உள்ள ஓராண்டில் அந்த விகிதம் சுமார் 58.9 ஆகக் குறையும். வட்டியையும் வளர்ச்சியையும் இடம் மாற்றிப் போட்டால் அதே கடன், முதன்மைப் பற்றாக்குறை பூஜ்யமாகவே இருந்தும், சுமார் 61.1 ஆக ஏறும். அரசின் கடன் பற்றிய செய்தியைப் படிக்கும்போது கடன் தொகையோடு இந்த இரண்டு விகிதங்களையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.