வெள்ளரிக்காய் பிழிகிற வேலை யாருக்கு?

கேள்வி: நாங்கள் மெல்பர்னில் இருக்கிறோம். என் 6 வயது மகளின் பள்ளித் தோழி கிரேக்கக் குடும்பத்துப் பெண். அவர்கள் வீட்டில் ஒருநாள் சாப்பிட்டு வந்ததிலிருந்து ‘அதே மாதிரி நாமும் செய்யலாம்மா’ என்று நச்சரிக்கிறாள். 10 வயது மகனும் கூடச் சேர்ந்துகொண்டான். எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது, முட்டை உண்டு. கத்தி, அடுப்பு பக்கம் இரண்டு பேரையும் விடப் பயமாக இருக்கிறது. எதில் தொடங்குவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் கறி விஷயத்தை முடித்துவிடுவோம். ஈஸ்டருக்கு முன்னால் 40 நாளுக்கும் மேல் கிரேக்கர்கள் பிடிக்கிற பெரிய நோன்பில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. அதனால் பீன்ஸ், பருப்பு, கீரை, கத்தரிக்காய் எல்லாவற்றிலும் அவர்களுக்கு நல்ல கைப்பக்குவம். ஆலிவ் எண்ணெய் தாராளமாக விட்டு வேகவைக்கும் காய்கறிகளுக்கு ‘லாதெரா’ என்று தனிப் பெயரே இருக்கிறது. நீங்கள் பார்த்து வாங்க வேண்டியது ஃபெட்டா சீஸ் ஒன்றுதான். மரபான முறையில் அதை உறைய வைக்கும் ரெனட், ஆட்டுக்குட்டி, கன்று போன்றவற்றின் வயிற்றிலிருந்து எடுப்பது. அது சேராத ஃபெட்டாவும் கடைகளில் உண்டு, லேபிளைப் படித்து வாங்குங்கள். பதிலுக்குப் பனீர் போட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய அந்தப் புளிப்பு பனீரில் வராது. உங்கள் மகள் ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவாள்.

சரி, கத்தியும் அடுப்பும். பிள்ளைகள் அவற்றைத் தொடவே வேண்டாத ஒன்றில் தொடங்குங்கள்: ட்ஸாட்ஸிகி. நம் வெள்ளரிப் பச்சடிக்குச் சொந்தம்தான், ஆனால் கரண்டியில் எடுத்தால் வழியாமல் அப்படியே நிற்க வேண்டும். அதற்காக அரைக் கிலோ தயிரை முந்தின இரவே மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் போட்டு, அடியில் கிண்ணம் வைத்து ஃபிரிட்ஜில் விட்டுவிடுங்கள். காலையில் எவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று மகன் அளந்து பார்க்கட்டும். வெள்ளரிக்காயை நீங்களே துருவுங்கள், சின்ன விரல்கள் துருவியில் சிராய்த்துக்கொள்ளும். துருவலில் அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, துணியில் மூட்டையாகக் கட்டி மகள் கையில் கொடுங்கள்.

முதலில் தண்ணீர் தாரையாக ஓடும். பிறகு சொட்டும். ‘நின்னுடுச்சும்மா’ என்பாள். மூட்டையைத் திருகி இன்னொரு தரம் பிழியச் சொல்லுங்கள், மறுபடியும் ஓடும். ஒரு முழு வெள்ளரிக்காய் கடைசியில் ஒரு கைப்பிடி ஆகியிருக்கும். நடுவில் ‘கொடு, அம்மா பிழிகிறேன்’ என்று தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள். சட்டை நனையும், தரை நனையும். நனையட்டும். ஈரம் தங்கினால் பச்சடி கொஞ்சம் தளர்ந்துபோகும், அவ்வளவுதான். அப்புறம் நசுக்கிய பூண்டு ஒரு பல், ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, சதகுப்பைக் கீரை அல்லது புதினா கொஞ்சம். பூண்டைக் கூட்ட வேண்டாம், நேரம் ஆக ஆக அதன் காரம் ஏறும்.

மகனுக்குக் கத்தி கொடுக்கலாம் என்பதே என் எண்ணம். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், பலகை நகராமல் அடியில் ஈரத்துணி போட வேண்டும். ஹோரியாத்திக்கி என்கிற கிராமத்து சாலட் அவனுக்குச் சரியாக வரும். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், பச்சைக் குடைமிளகாய் எல்லாமே பெரிய பெரிய துண்டுகள், பொடியாக நறுக்கும் தொல்லை இல்லை. லெட்யூஸ் அதில் சேராது. ஃபெட்டாவை உதிர்க்காமல் ஒரே கட்டியாக மேலே வைத்து, காய்ந்த ஓரிகானோவை உள்ளங்கையில் கசக்கித் தூவ வேண்டும். அந்தக் கசக்கலை மகளுக்கு விடுங்கள், வாசனை ராத்திரி வரை கையில் இருக்கும். ஆலிவ் காய்களும் இதில் சேரும், அவற்றில் கொட்டை இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இவை இரண்டும் கைக்கு வந்த பிறகு கீரை அடை, அதாவது ஸ்பனாகோபிதா. அரைக் கிலோ பசலைக்கீரையை வதக்கி ஆறவைத்தால் மறுபடி அதே பிழிகிற வேலை, இப்போது மகள் கைதேர்ந்தவள். அதில் 200 கிராம் ஃபெட்டா, இரண்டு முட்டை, வெங்காயத்தாள், சதகுப்பை சேருங்கள். உப்பு போடாதீர்கள், ஃபெட்டாவில் இருப்பதே போதும். இதை நடுவில் வைத்து மூடும் மாவுத் தாள்தான் ஃபிலோ, கிரேக்க மொழியில் இலை என்று பொருள். அந்த மாவுத் தாள் காற்றுப் பட்டால் நொறுங்கும், எடுக்காத தாள்கள் ஈரத்துணிக்குள்ளேயே இருக்கட்டும். மகன் ஒவ்வொரு தாளாக விரிக்க, மகள் பிரஷால் எண்ணெய் தடவுவாள். தாள் கிழியும், கட்டாயம் கிழியும். கிழிந்ததை உள் அடுக்கில் போட்டு முழுதாக ஒன்றை மேலே வைத்தால் யாருக்கும் தெரியாது. மேல் அடுக்கில் துண்டுக் கோடுகளை முதலிலேயே கீறிவிட்டு, 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். ஓவன் வேலை உங்கள் பங்கு.

இனிப்பு கேட்பார்கள். ஈஸ்டர் சமயத்தில் கிரேக்க வீடுகளில் சுடும் குலுராக்கியா பிஸ்கட்டைப் பிள்ளைகள்தான் திரித்து வைப்பார்கள். வெண்ணெய் 125 கிராம், சர்க்கரை 100 கிராம், ஒரு முட்டை, ஆரஞ்சுத் தோல் துருவல், இரண்டு மேசைக்கரண்டி ஆரஞ்சுச் சாறு, பேக்கிங் பவுடர் கலந்த மைதா சுமார் 300 கிராம். மாவை பென்சில் கனத்தில் உருட்டி, இரண்டாக மடித்து முறுக்க வேண்டும். மேலே முட்டை மஞ்சள் கரு, எள். சடை பின்னிக்கொள்கிற வயதுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். ஒன்று தடியாகவும் ஒன்று ஒல்லியாகவும் வந்தால் அளவு பார்த்துத் தனித்தனித் தட்டில் சுடுங்கள், இல்லாவிட்டால் ஒல்லியானது கருகிவிடும்.

ஆறியதும் ஒரு டப்பாவில் போட்டுத் தோழி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அங்கே பாட்டி இருந்தால் அவரை ‘யயா’ என்று கூப்பிடுவார்கள், உங்கள் மகளும் அப்படியே கூப்பிடட்டும். வெண்ணெய் போதவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் வெந்திருக்கலாம் என்று யயா ஏதாவது சொல்லியனுப்புவார். அதை மகனின் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.