அம்மா பெயரில் பத்திரிகை அடிக்கலாமா?

கேள்வி: தை மாதம் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் எனக்குத் திருமணம். அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பத்திரிகையைப் பெரியப்பா பெயரில் அடிப்பதுதான் முறை என்கிறார்கள் உறவினர்கள். அம்மா வாய் திறக்கவில்லை. வாசகத்தை எப்படி அமைப்பது? – உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அம்மா பெயரில்தான் அடிக்க வேண்டும். உங்கள் உறவினர்கள் இரண்டு காரியங்களை ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள். கன்னிகாதானத்துக்கு மனையில் யார் உட்காருவது என்பது ஐயரிடம் பேசி முடிக்க வேண்டியது. பெரியப்பாவும் பெரியம்மாவும் தாராளமாக உட்காரட்டும். பத்திரிகையில் அழைப்பது யார் என்பது வேறு. பெண்ணைப் பெற்றவர் இருக்கும்போது அவர்தான் அழைக்க வேண்டும்.

உங்கள் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற திரு. இன்னார், திருமதி இன்னார் ஆகியோரின் மகள்' என்று வரட்டும். கீழே 'தங்கள் வருகையை நாடும்' என்ற இடத்தில் அம்மா பெயர் மட்டும். அப்பா மீதுள்ள பாசத்தில் அங்கேயும் அவர் பெயரைச் சேர்க்கிறவர்கள் உண்டு. இறந்தவர் விருந்துக்கு அழைக்க மாட்டார். அம்மா ஒருவரே அழைப்பதால் 'எங்கள் மகள்' என்பது 'என் மகள்' ஆக வேண்டும். ஆங்கிலப் பக்கத்தையும் பாருங்கள்; அச்சகத்து மாதிரி 'மிஸ்டர் அண்ட் மிசஸ்' என்றுதான் தொடங்கும், அதை அப்படியே விட்டால் அப்பாதான் அழைக்கிறார் என்றாகிவிடும்.

ஒரு விலக்கு உண்டு. பெரியப்பாதான் உங்களை வளர்த்தார், படிக்கவைத்தார், கல்யாணச் செலவும் அவருடையது என்றால் அவர் பெயரும் அழைப்பவர் வரிசையில் வரலாம். அப்போதும் அம்மாவுக்குக் கீழேதான். 'என் மகள்' என்பதையும் எடுத்துவிட வேண்டும். இருவர் சேர்ந்து அழைக்கும்போது அந்த 'என்' யாருடையது? 'எங்கள் இல்லத் திருமணத்திற்கு' என்று மாற்றினால் சிக்கல் தீர்ந்தது. வருடத்துக்கு ஒரு தடவை சீர் கொண்டுவந்து கொடுத்த பெரியப்பா இந்த விலக்கில் சேர மாட்டார்.

'திருவளர்செல்வி' என்பதில் ச் போடாதீர்கள். அது வினைத்தொகை, வல்லினம் மிகாது. 'திருநிறைசெல்வி'க்கும் அதே கதைதான். ஒற்றுப் போட்டு அடிக்கும் அச்சகங்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

உங்களுக்கு உண்மையான ஆபத்து உறவினர்களால் அல்ல, பேக்கேஜ் விற்கிறவர்களால். மண்டபம், அலங்காரம், மேளம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஒரே விலை சொல்லிவிட்டு, 'பத்திரிகை இலவசம்' என்பார்கள். அவர்களிடம் இருப்பது ஒரே கோப்பு. பெயரை மட்டும் மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். வடிவமைப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எழுத்துரு மாறியதும் 'கொ' உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும். சென்ற ஆண்டு ஒரு குடும்பம் என்னிடம் காட்டிய பத்திரிகையின் உச்சியில் வேறு யாருடைய குலதெய்வமோ துணையிருந்தது! முந்நூறு பிரதி அச்சாகி வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். 'கைப்பேசியில் அனுப்பினோம், நீங்கள்தானே சரி என்றீர்கள்' என்று மறு அச்சுக்குப் பணம் கேட்டார்களாம். தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி, பள்ளியில் ஆண்டுக்கணக்கில் கற்பிக்கிறார்கள். ஒரு பத்திரிகையைப் பிழை திருத்தத்தான் தெருத் தெருவாக ஆள் தேட வேண்டியிருக்கிறது.

அதே கோப்பில் முகூர்த்த நேரமும் சென்னைப் பஞ்சாங்கத்திலிருந்து வந்திருக்கும். நம் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதைத் திதிக்கும் நட்சத்திரத்துக்கும் கூட்டிக்கொள்ள வேண்டும். ராகு காலத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, அது சூரிய உதயத்தை ஒட்டியது. காலை 6 மணி உதயம் என்று வைத்துக்கொண்டுதான் நாள்காட்டியில் சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை என்று போடுகிறார்கள். இங்கே தை மாதத்தில் 7 மணிக்கு மேல்தான் விடிகிறது. உதயக் கணக்குப்படி பார்த்தால் சனிக்கிழமை ராகு காலம் 10 மணிக்கு மேல்தான் தொடங்கும். நேரத்தைக் கோயில் அர்ச்சகரிடம் எழுதி வாங்குங்கள், அச்சகத்தாரிடம் கேட்காதீர்கள்.

வாசகத்தை நீங்களே முழுதாக எழுதிக் கொடுங்கள். கைப்பேசித் திரையில் ஒப்புதல் சொல்லாதீர்கள். தாளில் அடித்த ஒரு பிரதியை வாங்கி, அம்மாவை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.