வாசகர் கேள்வி – பதில்: காது கேளாத சினைப் பூனையும் குட்டிகளும்

கேள்வி: கைவிடப்பட்ட வெள்ளைப் பூனை ஒன்றை, நிரந்தரமாக வளர்ப்பவர் கிடைக்கும்வரை பராமரிக்க ஒப்புக்கொண்டு அழைத்து வந்தேன். இரண்டு கண்களும் நீலம். கால்நடை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, அதற்குக் காது கேட்காது என்றும், சினையாக இருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று வாரங்களில் குட்டி போட்டுவிடும் என்றும் சொன்னார். குட்டிகள் கத்தினால் தாய்க்குத் தெரியப்போவதில்லை. குட்டிகள் பிறந்ததும் அவற்றைப் பிரித்து நானே புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பதுதான் பாதுகாப்பா?

பதில்: பிரிக்க வேண்டாம். பிறந்த பூனைக்குட்டிக்கும் காது கேட்காது, கண்ணும் தெரியாது. காதுத் துளையும் இமைகளும் மூடியிருக்கும் அந்த முதல் நாள்களில், தாயின் வெதுவெதுப்பையும் மணத்தையும் கொண்டே குட்டிகள் முலைக்காம்பைத் தேடிச் சேர்கின்றன. தாய் ‘குர்குர்’ என்று மெல்ல உறுமும்போது அதன் உடலில் எழும் அதிர்வையும் அவை தோலால் உணர்கின்றன. தாயும் தன் பங்குக்கு, பிரசவ நீரின் ஈரத்தாலும் மணத்தாலும் தூண்டப்பட்டே குட்டியை நக்கிச் சுத்தம் செய்கிறது. பாலூட்டுவதற்கும், குட்டியின் அடிவயிற்றை நக்கி மலஜலம் கழிக்க வைப்பதற்கும் அதற்குக் காது தேவையில்லை. மேலும், சீம்பாலில் உள்ள எதிர்ப்புச் சக்தியைக் குட்டியின் குடல் உறிஞ்சிக்கொள்வது ஏறத்தாழ முதல் ஒரு நாளில் மட்டுமே. அதை எந்தப் புட்டிப்பாலும் ஈடு செய்யாது.

உங்கள் கவலை பொருந்துகிற இடம் ஒன்று உண்டு. குளிர்ந்துபோன குட்டியும், துணி மடிப்பில் சிக்கிய குட்டியும், தாயின் உடலுக்கு அடியில் நசுங்கும் குட்டியும் உரத்துக் கத்தும். காது கேட்கும் தாய் உடனே எழுந்து பார்க்கும் அல்லது புரண்டு படுக்கும். உங்கள் பூனைக்கு அந்த அழைப்பு போய்ச் சேராது. கண்ணில் பட்டாலோ உடலில் பட்டாலோதான் அதற்குத் தெரியும். ஆகவே குட்டி தாயின் பார்வையையும் தொடுகையையும் விட்டு விலகவே முடியாதபடி ஈற்றிடத்தை, அதாவது குட்டி போடும் இடத்தை, அமைப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை.

தாய் நீட்டிப் படுத்தால் சற்றே இடம் மிஞ்சும் அளவுள்ள பெட்டி போதும். பெரிய பெட்டி வேண்டாம். நுழைவாயிலின் விளிம்பு, தாய் எளிதில் தாண்டும்படியும் குட்டியால் ஏற முடியாதபடியும் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். முலைக்காம்பைப் பற்றிய குட்டி, தாய் திடீரென்று எழும்போது வெளியே இழுத்துச் செல்லப்படுவதையும் அந்த விளிம்பு பெரும்பாலும் தடுத்துவிடும். குவியலாகப் போர்வை போடுவது அன்புதான் என்றாலும் அதுவே குட்டிகளுக்குப் பொறியாகிவிடும். இறுக்கமாக விரித்த ஒரே துணியே நல்லது, நூல் பிரிந்த துண்டு கூடாது. பிறந்த குட்டிக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது என்பதால், பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் வெதுவெதுப்பாக வைத்து, சூடு மிகுந்தால் விலகிப் படுக்க மறுபக்கத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, அந்தத் தாய்க்குக் காதாக நீங்கள் இருப்பது. கைக்குழந்தைகளின் அறையில் வைக்கும் ஒலிக்கருவி ஒன்றைப் பெட்டியருகே வைத்தால் இரவில் உங்கள் படுக்கையிலிருந்தே கவனிக்கலாம். வயிறு நிறைந்த குட்டிகள் பெரும்பாலும் அமைதியாகத்தான் தூங்கும். நிற்காமல் தொடரும் அழுகைக்கு எப்போதும் ஒரு காரணம் உண்டு. ஆனால் நலிந்த குட்டி கத்துவதற்கும் வலுவின்றிக் கிடக்கும் என்பதால், ஒலியைவிட நான் அதிகம் நம்புவது தராசைத்தான். கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு போதும். பிறக்கும்போது பெரும்பாலான குட்டிகள் 90 முதல் 110 கிராம் வரை இருக்கும். பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். முதல் நாளில் எடை சற்றுத் தேங்கலாம். அதன் பின் ஒரு முழு நாள் எடை கூடாத குட்டியைக் கவனித்தே ஆக வேண்டும், எடை குறைந்த குட்டியை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனிதர் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்ற பேச்சு உங்களிடம் பழகிய பூனைக்குப் பொருந்தாது. கையில் வாசனைத் திரவியம் மட்டும் வேண்டாம்.

பால் போதாத குட்டிக்குப் பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கப்படும் பால்மாவைத்தான் கொடுக்க வேண்டும். பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குட்டியைக் கைக்குழந்தையைப் போல் மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு கீழே இருக்கும்படி, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே ஊட்டுங்கள். உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்கு ஊட்டவே கூடாது, அதற்குப் பால் செரிக்காது. முதலில் உங்கள் உடலோடு அணைத்து மெல்லச் சூடேற்றிவிட்டுப் பிறகு ஊட்டுங்கள்.

கேள்வி: எங்களிடம் உள்ள காது கேளாத பூனை, பின்னாலிருந்து தொட்டால் துள்ளி எழுந்து கடிக்க வருகிறது. அதுவும் இப்போது சினையாக இருக்கிறது. குட்டி போட்ட பிறகு எப்படி நெருங்குவது?

பதில்: அது கோபமன்று, திடுக்கிடல். ஆனால் குட்டிகளோடு படுத்திருக்கும் தாய் திடுக்கிட்டால் அந்தத் துள்ளலில் குட்டி மிதிபடலாம் என்பதால், குட்டி போடுவதற்கு முன்பே ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிடுவது அவசியம். ஈற்றுப்பெட்டியின் வாய் அறைக் கதவைப் பார்த்திருக்கட்டும். முதுகுப் பக்கம் சுவரோடு சேரட்டும். உள்ளே நுழையும்போது நின்று தரையில் காலால் இரண்டு முறை தட்டுங்கள். மரத்தரையாக இருந்தால் அதிர்வு எளிதில் எட்டும். கெட்டியான தரையில் அது எட்டாது என்பதால், அறை விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவது மேல். கைவிளக்கின் ஒளியைத் தரையில் ஓடவிட்டாலும் பூனை திரும்பிப் பார்க்கும். ஆனால் அதைப் பூனையின் முகத்திலோ, புதிதாகக் கண் திறந்த குட்டிகள் மீதோ அடிக்க வேண்டாம். எந்த முறையைத் தேர்ந்தாலும் வீட்டிலுள்ள அனைவரும் அதையே செய்ய வேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அறிவித்தால் பூனைக்கு எதுவும் அறிவிப்பாகாது.

தாய் தூங்கினால் அருகே சென்று தொடாதீர்கள். படுக்கை விரிப்பின் ஓரத்தை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, அது கண் விழித்து உங்களைப் பார்த்த பிறகு, முதலில் முகர்ந்து பார்க்கக் கையை நீட்டி, அதன் பின் குட்டியைத் தொடுங்கள். நிறுப்பதற்குக் குட்டியை எடுக்கும்போதும் தாயின் கண்ணெதிரிலேயே எடுத்து, அதன் கண்ணெதிரிலேயே திரும்ப வையுங்கள். எங்கிருந்தோ கேட்கும் குட்டியின் குரலைக் கொண்டு, ‘இங்கேதான் இருக்கிறது’ என்று அது சமாதானம் அடைய முடியாது அல்லவா?

வீட்டில் வேறு பூனையோ நாயோ இருந்தால் வேறு அறைதான். இதில் சமரசம் இல்லை. பின்னால் வருவதைக் கேட்டு உணர முடியாத தாய்க்கு மூடிய கதவே நிம்மதி. இடத்தில் நம்பிக்கை இல்லாத தாய், குட்டிகளைக் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை மாற்றத் தொடங்கும். குட்டி போட்ட பூனை போல அலைவது என்று நாம் சொல்லும் அந்த அலைச்சலைக் கண்டால், பூனையைத் தடுக்காமல் அறையில் எது அதை மிரட்டுகிறது என்று தேடுங்கள்.

கேள்வி: பிரசவத்தின்போது நாம் என்ன செய்ய வேண்டும், எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும்? காது கேளாமையால் பிரசவம் சிக்கலாகுமா?

பதில்: ஆகாது. காதுக்கும் பிரசவத்துக்கும் தொடர்பில்லை. சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 67 நாள்கள். குட்டி போடுவதற்கு முந்தைய நாளில் பல பூனைகளுக்கு உடல் வெப்பம் சற்றே இறங்கும், பசி குறையும், படுக்கையைப் பிராண்டும். அந்த நேரத்திலிருந்து கண்ணில் படும் தொலைவில், ஆனால் கை போடாமல் இருந்தால் போதும்.

தாய் வலுவாக முக்கத் தொடங்கி 20, 30 நிமிடங்களாகியும் குட்டி வரவில்லை என்றாலும், குட்டியின் ஒரு பகுதி வெளியே தெரிந்து அப்படியே நின்றுவிட்டாலும், முதல் குட்டி வருவதற்கு முன்பே பச்சை நிறக் கசிவு தென்பட்டாலும், இரத்தம் நிற்காமல் வழிந்தாலும், தாய் துவண்டு விழுந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரவு நேரத்தில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கிடையே இடைவெளி விழுவது மட்டும் ஆபத்தின் அறிகுறியன்று. தாய் அமைதியாகப் படுத்துப் பாலூட்டிக்கொண்டிருந்தால் ஓய்வெடுக்கிறது என்று பொருள். விட்டுவிட்டு வரும் லேசான முக்கலோ தவிப்போ தொடரும்போது இரண்டு மணி நேரம் கடந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது.

குட்டி போர்த்தி வரும் சவ்வைத் தாய் உடனே கிழிக்காவிட்டால் நீங்கள் விரலால் கிழித்து, மூக்கையும் வாயையும் சுத்தமான துணியால் துடைத்து, உடலைத் துண்டால் தேய்த்துவிட்டுத் தாயின் வாயருகே வையுங்கள். வந்த குட்டிகளின் எண்ணிக்கையோடு நஞ்சுக்கொடிகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். சிலவற்றைத் தாய் தின்றுவிடும், அது இயல்பு.

பிரசவத்துக்குப் பின் முதல் சில வாரங்களில் தாய் காரணமின்றிப் பரபரத்தாலோ, தசைகள் துடித்தாலோ, விறைத்து நடந்தாலோ, வாய் திறந்து மூச்சு வாங்கினாலோ அது இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்ததன் அறிகுறியாக இருக்கக்கூடும். இது உயிருக்கே ஆபத்தானது, ஆனால் உரிய நேரத்தில் மருந்து ஏற்றினால் விரைவில் தெளியும். இதற்கு அஞ்சிச் சினைக்காலத்திலேயே நீங்களாகச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுக்க வேண்டாம். அது உடலின் இயல்பான சீரமைப்பைக் கெடுத்து நிலைமையை மோசமாக்கலாம். சினைக்காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் குட்டிகளுக்கான உணவையே தாய்க்கும் வயிறு நிறையக் கொடுப்பதுதான் சரியான வழி.

கேள்வி: குட்டிகளும் செவிடாகப் பிறக்குமா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தாயின் கேளாமைக்குக் காரணம் என்ன என்பதைப் பொறுத்தது. காதுத் தொற்று, காதுக்குள் வளரும் தசை, முதுமை, ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் ஆகியவற்றால் கேட்கும் திறன் போயிருந்தால் அது குட்டிகளுக்கு வராது. வெள்ளைப் பூனைகளின் பிறவிக் கேளாமை வேறு வகை. முழுவதும் வெள்ளையாகவும் நீலக் கண்ணோடும் இருக்கும் பூனைகள் பொதுவாகச் செவிடாக இருப்பதை டார்வின் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டிருக்கிறார். உடலை வெண்மையாக்கும் மரபணு, நிறமிச் செல்கள் பரவுவதைத் தடுக்கிறது. அந்தச் செல்கள் உள்காதுக்கும் தேவைப்படுவதால், பிறந்த சில வாரங்களுக்குள் உள்காது சிதைந்துபோகிறது. இரண்டு கண்களும் நீலமான வெள்ளைப் பூனைகளில் ஏறத்தாழ 65 முதல் 85 விழுக்காடும், ஒரு கண் மட்டும் நீலமானவற்றில் சுமார் 40 விழுக்காடும், நீலக் கண் இல்லாத வெள்ளைப் பூனைகளில் சுமார் 20 விழுக்காடும் ஒரு காதிலோ இரு காதிலோ கேளாமை உடையவை. சயாமியப் பூனையின் நீலக் கண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எனவே கறுப்பாகவோ வரியாகவோ பிறக்கும் குட்டிகளைப் பற்றி இந்த விஷயத்தில் கவலைப்பட வேண்டியதில்லை. வெள்ளைக் குட்டிகளைத்தான் கவனிக்க வேண்டும். எல்லாப் பூனைக்குட்டிகளுக்கும் முதலில் கண் நீலமாகவே இருக்கும் என்பதால் கண்ணை வைத்து அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

நான்காம் வாரத்தில் சிறு சோதனைகளைத் தொடங்கலாம். கை தட்டிப் பார்ப்பது ஏமாற்றும். காற்றசைவும் நிழலும் குட்டிக்குத் தெரிந்துவிடும். குட்டி தூங்கும்போது, அது பார்க்க முடியாத இடத்திலிருந்து, தரையைத் தொடாமல், தாளைக் கசக்கிப் பாருங்கள். மற்றக் குட்டிகள் விழித்தால் அவற்றைப் பார்த்து இதுவும் விழிக்கும் என்பதால் தனியாக வைத்தே சோதிக்க வேண்டும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்த முறையில் கண்டுபிடிக்க இயலாது. ஐந்து, ஆறு வாரத்துக்குப் பின் சிறப்பு மருத்துவமனைகளில் செய்யப்படும், ஒலிக்கு மூளை காட்டும் மின் எதிர்வினையை அளக்கும் மூளைத்தண்டுச் செவிப்புலன் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும்.

கேள்வி: குட்டிகளுக்கு ஐந்து வாரம் ஆகிறது. தாய் இரவில் வீடே அதிரும்படி கத்துகிறது. வலியா? குட்டிகளை எப்போது பிறரிடம் கொடுக்கலாம்?

பதில்: காது கேளாத பூனைக்குத் தன் குரலின் அளவு தெரியாது, பலவும் உரக்கத்தான் கத்தும். இருட்டில் நீங்கள் கண்ணில் படாததாலும் கத்தலாம். ஒரு சிறு விளக்கு எரியட்டும். உணவு குறைந்தாலோ, முலை கனத்துச் சிவந்து சூடாக இருந்தாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மீண்டும் பருவத்துக்கு வந்து சினையாகிவிடக்கூடும். ஆகவே வெளியே விடவே கூடாது. எப்படியும் காது கேளாத பூனை வண்டிகள் ஓடும் வெளியிடத்தில் பிழைப்பது கடினம். குட்டிகள் பால் மறந்து, மடி வற்றியதும் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிடுங்கள்.

குட்டிகளுக்குக் குடற்புழு மருந்து, தடுப்பூசி ஆகியவற்றின் கால அட்டவணையை மருத்துவரிடமே கேட்டுப் பெறுங்கள். இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதர்களோடு பழகுவதற்கு உகந்த காலம் என்பதால், காது கேட்கும் குட்டிகளிடம் தினமும் பேசுங்கள். வீட்டுச் சத்தங்களும் அவற்றுக்குப் பழகட்டும். தாய் மிரளாததைப் பார்த்து அவையும் பெரும்பாலும் மிரளாமல் வளரும் என்று எண்ணுகிறேன். எட்டு வாரத்துக்கு முன் எதையும் கொடுக்க வேண்டாம். பன்னிரண்டு வாரம்வரை தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்தால் இன்னும் நல்லது. கேளாத குட்டியை வாங்கிச் செல்பவரிடம், நீங்கள் பழக்கிய விளக்கு அடையாளத்தையும், அதை வீட்டுக்குள்ளேயே வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.