மாமியின் கூரையில் என் நகையா?

கேள்வி: அக்கா, நான் மட்டக்குளியில் இருக்கிறேன், வயது 41. வீட்டிலேயே தோசை மா அரைத்துப் பக்கெற் போடுகிறேன். ரோல்ஸ், பட்டீஸ் செய்து உறைய வைத்து மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறேன். செலவு போக மாதம் 60,000 கையில் நிற்கும். அவர் ஓட்டோ ஓடுகிறார். இரண்டு டீப் ஃப்ரீசரும் கிரைண்டரும் சேர்ந்து மாதம் 290 யூனிட் போகிறது, பில் 13,000-க்கு மேல். ஒரு சோலார் கொம்பனிக்காரர் வந்து, 5 கிலோவாட் போட்டால் பில்லே இல்லை, மாதாமாதம் காசும் வரும், கரண்ட் போனாலும் ஃப்ரீசர் ஓடும் என்கிறார். விலை 10 லட்சம். இந்த மாதத்துக்குள் என்றால் 50,000 கழிவாம். நகையை அடகு வைத்தால் 7 லட்சம் கிடைக்கும், அடுத்த மாதம் சீட்டு 3 லட்சம் விழும். வீடு மாமியின் பெயரில். பழைய பில் ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். போடலாமா?

பதில்: போடலாம், தங்கச்சி. ஆனால் 5 கிலோவாட் தேவையில்லை, இந்த மாதமே போட வேண்டிய அவசரமும் இல்லை. நகையை மட்டும் தொடாதீர்கள்.

முதலில் அந்தக் கொம்பனிக்காரர் சொன்ன பிழையான கதையைத் திருத்திவிடுகிறேன். மின்சார சபை லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானாகவே நின்றுவிடும். நட்டநடு வெயிலாக இருந்தாலும் நிற்கும். கம்பத்தில் ஏறித் திருத்துகிறவரை உங்கள் கூரைக் கரண்ட் தாக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்து நாடே இருண்டதே, அன்று பற்றரி இல்லாத சோலார் வீடுகளிலும் ஃபேன் சுற்றவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டியபோது உங்கள் ரோல்ஸ் எல்லாம் நீர்த்துப் போயிருக்கும், அந்தப் பயத்தைப் பிடித்துத்தான் அவர் பேசுகிறார். கரண்ட் வெட்டிலும் ஃப்ரீசர் ஓட வேண்டுமென்றால் பற்றரியும், அதற்கேற்ற ஹைபிரிட் இன்வேட்டரும் (பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) வேண்டும். அந்த 10 லட்சத்தில் அவை இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

இனி கணக்கு. கொழும்பு வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் சுமார் 115 யூனிட் வரும். 5 கிலோவாட் 575 தரும். உங்களுக்குத் தேவை 290. மிச்சத்தை நெட் அக்கவுண்டிங் முறையில் சபைக்கு விற்கலாம். நெட் மீற்றரிங் என்ற மற்ற முறையில் அது அடுத்த பில்களில் கழிக்கும் வரவாகச் சேருமே தவிரக் காசாக வராது. ஆனால் விற்கும் விலை ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2016-இல் கூரைச் சோலாருக்கான அரச திட்டமான சூரிய பல சங்கிராமய தொடங்கியபோது முதல் 7 வருடத்துக்கு யூனிட் 22 ரூபாய், பிறகு 15.50 என்றார்கள். நெருக்கடிக்குப் பிறகு 37 ஆனது, 2024-இல் 27 ஆனது, 2025-இல் புதிதாகச் சேருபவர்களுக்கு இன்னும் இறங்கியது. 20 ரூபாய் என்றே வைப்போம். உபரி 285 யூனிட்டுக்கு 5,700. நிலையான கட்டணம் எப்படியும் வருமாதலால் பில்லில் மிச்சமாவது 11,000 சொச்சம். இரண்டும் சேர்ந்து 17,000 வரை. அதே 10 லட்சத்தை 13 வீத வட்டிக்கு 5 வருடக் கடனாக எடுத்தால் தவணை மட்டும் 22,750.

அதோடு, பகலில் எல்லோர் கூரையும் ஒன்றாகக் கரண்ட் தள்ளுவது இப்போது சபைக்கே தலையிடி. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருந்தன, கரண்ட் எடுக்க ஆளில்லை, கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று கேட்டார்கள். விற்றுச் சம்பாதிக்கப் பனல் வாங்கும் காலம் போய்விட்டது என்பது என் அபிப்பிராயம். சொந்தப் பாவனைக்கு அளவாகப் போட்டால் இப்போதும் நல்ல முதலீடுதான்.

நீங்கள் அனுப்பிய பில்லைப் பாருங்கள். 180 யூனிட்டைத் தாண்டிய 110 யூனிட்டுக்கு மட்டும் மொத்தத்தில் கிட்டத்தட்டப் பாதி போகிறது. ஆக மேல் படியில்தான் விலை கடிக்கிறது. அதனால் முதலில் பழைய ஃப்ரீசரைக் கவனியுங்கள். ஒரு இருபது ரூபாய்த் தாளை மூடிக்கும் விளிம்பு ரப்பருக்கும் நடுவில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது, குளிர் இரவும் பகலும் கசிகிறது. பங்குனி, சித்திரைப் புழுக்கத்தில் உங்கள் குசினியில் அந்த மோட்டர் மூச்சுவிடாமல் ஓடும். கொழும்பில் வெக்கை கூடக்கூட இந்தச் செலவும் கூடும். ரப்பர் மாற்றினாலே போதுமா, இல்லை மோட்டர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வேட்டர் வகை ஃப்ரீசர் ஒன்றா என்று பார்த்துச் சீட்டுக் காசில் செய்யுங்கள். மாதம் 50 யூனிட் குறைந்தால் 3,000 ரூபாய் மிச்சம். ஒரு பனலும் இல்லாமல்!

பிறகு 240 யூனிட்டுக்கு 3 கிலோவாட் தாராளம். மூன்று இடத்தில் விலை கேளுங்கள். 6 லட்சம் என்று வந்து, ஒரு லட்சம் சீட்டில் போட்டு, 5 லட்சம் கடன் எடுத்தால், அதே 13 வீதத்தில் தவணை 11,400 அளவு. பில்லில் மிச்சமாவதும் உபரிக் காசும் சேர்ந்தாலும் அதற்குச் சற்றுக் குறைவுதான், அதனால் முதல் 5 வருடம் மாதம் ஆயிரம், இரண்டாயிரம் கையிலிருந்து போகும், அதன் பிறகு வருவது உங்களுடையது. இன்வேட்டர் பனலளவு காலம் உழைக்காது, பத்து வருடத்தில் ஒன்று மாற்ற நேரலாம். அதற்கு இப்போதே கொஞ்சம் ஒதுக்குங்கள்.

எனக்குப் பெரிய கவலை காசைப் பற்றியல்ல, பெயரைப் பற்றி. வீடு மாமியுடையது. மீற்றர் யார் பெயரில்? பில்லில் இருப்பது ஒரு ஆணின் பெயர், உங்கள் மாமனாராக இருக்க வேண்டும். சோலார் ஒப்பந்தம் 20 வருடத்துக்கு அந்தக் கணக்குக்காரரோடுதான் எழுதப்படும், மிச்சக் காசும் அவர் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். நாளைக்கு மாமி கண்ணை மூடினால் அந்த வீட்டில் உங்கள் மச்சான்மாருக்கும் மச்சாள்மாருக்கும் பங்குண்டு. கூரையில் ஆணியடித்த பனலும் வீட்டோடு சேர்த்தே பேசப்படும். இப்படி ஒரு பெண் தன் சீதன நகையை ஈடுவைத்துக் கட்டிய மேல்மாடியை, பங்கு பிரிக்கும்போது "அது எங்கட அம்மாவின்ர வீடுதானே" என்று ஒரே வசனத்தில் முடித்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். குடும்பத்தில் நல்ல உறவு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும், கசந்த பிறகு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். மீற்றரை முதலில் மாமியின் பெயருக்கு மாற்றுங்கள், அவர் சம்மதித்தால் உங்கள் பெயருக்கே மாற்ற முடியுமா என்று சபைக் கிளையில் கேளுங்கள். பனல், இன்வேட்டர் பற்றுச்சீட்டு எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். கழற்றிக்கொண்டு போகும் உரிமை உங்களுக்கு என்று மாமியும் பிள்ளைகளும் ஒப்பமிட்ட ஒரு கடிதத்தை நொத்தாரிசிடம் எழுதி வாங்குங்கள்.

நகை ஏன் வேண்டாம்? அடகுச் சீட்டு பொதுவாக ஒரு வருடத்துக்கு. பனலின் பலன் வர ஐந்தாறு வருடமாகும். ஒவ்வொரு வருடமும் வட்டியைக் கட்டிப் புதுப்பித்துப் புதுப்பித்து, ஒரு வருடம் ஓட்டோ எஞ்சின் போனாலோ பிள்ளைக்கு வருத்தம் வந்தாலோ நகை ஏலத்துக்குப் போய்விடும். உங்கள் பெயரில் முழுசாக இருக்கும் ஒரே சொத்து அதுதான்.

கடனை வங்கியில் கேளுங்கள். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று அவர்களாகவே எழுதிவிடுவார்கள், விடாதீர்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, கடைக்காரர் தரும் காசை ஆறு மாதம் உங்கள் கணக்கிலேயே போட்டு எடுங்கள். 60,000 வருமானம் அப்போதுதான் வங்கியின் கண்ணில் படும். பழைய தவணை எதுவும் பிந்தியிருந்தால், வங்கிகள் பார்க்கும் கடன் வரலாறான கிரிப் (CRIB) அறிக்கையில் தெரியும், அதை முதலில் கட்டுங்கள். கணவரைப் பிணையாளியாக மட்டும் கூட்டிப் போங்கள்.

இன்னும் இரண்டு. உங்கள் கூரை பழைய அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் ஆள் ஏறும்போதே வெடிக்கும், மாற்றும் செலவு அந்த விலைக்குள் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். களனி கங்கை கடலில் விழும் இடத்தில் இருக்கிறீர்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் உங்கள் பக்கத்தில் எந்த மட்டத்துக்கு ஏறியது என்று அயலாரைக் கேட்டு, இன்வேட்டரை அதற்கு மேலே பூட்டச் சொல்லுங்கள். காப்புறுதியில் "வெள்ளம்" என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த 50,000 கழிவு அடுத்த மாதமும் இருக்கும். சந்தேகமென்றால் முதலாம் திகதி அந்தக் கொம்பனிக்காரருக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள்.