"திரும்பலாம்" என்று யார் சொல்வது?

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். அவரும் கொழுந்தனாரும் வருகிற பள்ளி விடுமுறையில் இரண்டு பழைய ஃபோர் வீல் வண்டிகளில் குடும்பத்தோடு பக்கத்து ஊரான லாசாவுக்கு மேலே மலைக்குள் போய், ஆற்றோரம் இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கலாம் என்கிறார்கள். மேடு பள்ளத்தில் ஓட்டுகிற நாலு சக்கர மோட்டார், ஏடிவி என்பார்களே, அதையும் ஒன்று வாடகைக்கு எடுத்து, 13 வயது மகனை அங்கே ஓட்ட விடப் போகிறாராம். எனக்குப் பயமாக இருக்கிறது என்றால், "இருபது வருஷமா தோட்டத்துல வண்டி ஓட்டுறேன், எனக்கே சொல்லித் தர்றியா?" என்கிறார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றிய என் மாமியாருக்கு இப்போது 68 வயது. அவரும் வருவேன் என்று நிற்கிறார். நான்தான் பயந்தாங்கொள்ளியா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: போய்விட்டு வாருங்கள், தங்கச்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி படித்ததுமே "அக்கா வேண்டாம்னு எழுதிட்டாங்க" என்று உங்கள் வீட்டில் ஒரு சண்டை ஆரம்பித்துவிடும். கொர்பு மலை நிற்கிற மலைத்தொடரைத் தினமும் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு, விடுமுறைக்கு ஈப்போ பேரங்காடியில் போய்ச் சுற்றுகிற பிள்ளைகள்தானே நம் பிள்ளைகள்.

உங்கள் வீட்டுக்காரரின் கைவேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தோட்டத்து டிராக்டர் ஓட்டுபவருக்கு வண்டியின் பாஷை தெரியும். ஆனால் அவர் இருபது வருஷமாக ஓட்டுவது அவருக்குத் தெரிந்த சாலை. எந்த வளைவில் மண் இளகும், எந்தப் பாலத்தில் பலகை ஆடும் என்று தூக்கத்திலும் சொல்வார். மலைப்பாதையில் நேற்று இருந்த வழி இன்று இருக்காது. நல்ல மழை பெய்தால் செம்மண் சவர்க்காரம் மாதிரி வழுக்கும், டயரின் பள்ளமெல்லாம் களிமண் அடைத்துக்கொள்ளும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஃபோர் வீல் லோவில் போட்டு, முதல் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கலாம். எனக்குக் கவலை அதில் இல்லை.

என் அத்தானும் பெரிய ஓட்டுநர்தான். பல வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் இரண்டு வண்டியில் கிளம்பினோம். வழியில் ஓர் ஆறு. "இறங்கி நடந்து பார்த்துட்டு ஓட்டுங்க" என்றார் என் அக்கா. பின்னால் தம்பிமார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் இறங்கவில்லை. நடு ஆற்றில் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றது. மற்ற வண்டியில் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் இருட்டிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டிருந்தோமே, அதற்காகவே அத்தான் ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நாலு பேர் பார்க்கும்போது வண்டியைத் திருப்புவது ஆண்களுக்குப் பெரிய கஷ்டம். அதனால் அந்தப் பேச்சை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டியிலும் இருக்கிற பெரியவர்களில் யார் "போதும், திரும்பலாம்" என்று சொன்னாலும் திரும்ப வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, அப்புறம் கிண்டலும் செய்யக் கூடாது. கொழுந்தனாரையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். இதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், நான் முதல் வரியில் எழுதியதை அடித்துவிடுங்கள்.

ஏடிவி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரியவர்கள் ஓட்டுகிற ஏடிவியை 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓட்டக் கூடாது என்று தயாரிக்கிற கம்பெனிகளே வண்டியில் ஒட்டி அனுப்புகின்றன. நாலு சக்கரம் இருக்கிறதே, மோட்டார் சைக்கிளைவிடப் பத்திரம் என்று தோன்றும். அப்படி இல்லை. வளைவிலும் சரிவிலும் ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்துத்தான் அதைச் சமாளிக்க வேண்டும். 13 வயதுப் பிள்ளைக்கு அந்த எடை கிடையாது. கவிழ்ந்தால் 200, 300 கிலோ அவன் மேல் விழும். ஒற்றை சீட் வண்டியில் அப்பா பின்னால் உட்கார்ந்துகொள்வதும் கூடாது, ஓட்டுபவர் நகர இடமே இருக்காது. பொதுச் சாலையில் ஓட்ட அதற்கு அனுமதியும் இல்லை. மகனுக்கு ஆசை என்றால், அவன் வயதுக்கு ஏற்ற சின்ன வண்டியும் ஹெல்மெட்டும் கொடுத்து, சமதளத்தில் பக்கத்தில் ஆள் வைத்து ஓட்டவிடுகிற இடம் பார்த்து ஒரு மணி நேரம் எடுத்துக் கொடுங்கள். மலைக்குள் வேண்டாம்.

அடுத்தது கூடாரம். ஆற்றோர மணல்திட்டு பார்க்க அழகாகத்தான் இருக்கும். சமமாக இருக்கும், பாத்திரம் கழுவ வசதி. அங்கேதான் போடக் கூடாது. உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் மொத்தமாகச் சேர்ந்து இறங்குவதைத்தான் மலாயில் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். தெளிந்த ஆறு தே தாரிக் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் குச்சியும் அதிகமாக மிதந்து வந்தாலோ, சோற்றுப் பானையைக்கூட எடுக்க நிற்காமல் பிள்ளைகளோடு மேலே ஏறுங்கள். நம் பக்கம் மதியத்துக்கு மேல்தான் இடிமழை கட்டும். ஆற்றைக் கடப்பது, ஏறுவது எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஆற்றுக்குப் பயந்து செங்குத்தான சரிவின் அடியில் போய்ப் படுக்கவும் கூடாது. 2022 டிசம்பர் 16 உங்களுக்கு மறந்திருக்காது. பத்தாங் காலியில் பள்ளி விடுமுறைக்குக் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் மேல் அதிகாலையில் மண் சரிந்தது. 31 பேர் போய்விட்டார்கள். முகாம் நடத்த அந்த இடத்துக்கு உரிமமே இருக்கவில்லை. உங்கள் முதல் பயணத்துக்கு உரிமம் உள்ள ஒரு முகாமில் ஒரே ஒரு ராத்திரி போதும் என்பது என் எண்ணம். இல்லை, உள்ளேதான் போவோம் என்றால், காப்புக்காட்டுக்கு வனத்துறையில் முன்கூட்டியே பெர்மிட் எடுங்கள். அங்குள்ள பழங்குடி மக்களான தெமியார்களின் கிராமம் வழியாகப் போனால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள், ஆற்றைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். வெட்டுமரம் ஏற்றி வரும் பாலாக் லாரி வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். உள்ளே போனில் லைன் கிடைக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், வராவிட்டால் எப்போது 999-க்கு அழைப்பது என்று பக்கத்து வீட்டில் எழுதிக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு, மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், ஆற்றில் குளித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வருகிற காய்ச்சல் ஒன்று உண்டு.

மாமியாரைப் பற்றி நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. இருட்டோடு எழுந்து பால் காட்டுக்குள் போன மனுஷி. அட்டையைப் பார்த்துக் கத்தப்போவது நீங்களும் பிள்ளைகளும்தான். புகையிலையை ஊறவைத்த தண்ணீரில் காலுறையை நனைத்துக் கொடுப்பார், கேட்டுப் பாருங்கள். முன் சீட்டை மட்டும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள். பின்னால் உட்கார்ந்தால் அந்தக் குலுக்கலில் இடுப்பு போய்விடும்.