கூரையில் வௌவால், கொல்லையில் எலி: லெப்டோ காய்ச்சல் எதனால்?

கேள்வி: ரெயூனியன் தீவில் செயிண்ட் ஆந்த்ரே பக்கம் இருக்கிறோம். தகரக் கூரைக்கடியில் சிறு வௌவால்கள் அடைகின்றன, வராந்தாவெல்லாம் எச்சம். பின்னால் கரும்புத் தோட்டம். லெப்டோ காய்ச்சல் இவற்றால் வருமா? விரட்டிவிடலாமா?

பதில்: விரட்ட வேண்டாம். உங்கள் கூரையில் இருப்பது பெரும்பாலும் பெத்தி மொலோஸ். பத்து கிராம்கூட எடை இல்லாத, பூச்சி தின்னும் வௌவால். ரெயூனியனைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 2008 வரை மொரீஷியஸ் வௌவால் என்றே நினைத்திருந்தார்கள். ஈற்றுக்கு ஒரே குட்டி. ஒரு கூட்டம் அழிந்தால் மீள வெகுகாலம் ஆகும். சட்டமும் அதைக் காக்கிறது.

லெப்டோ காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா பாக்டீரியாவோ சுருள் வடிவ நுண்ணுயிர். இரண்டாகப் பிளந்தே பெருகும். எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, சிறுநீரோடு வெளியேறி, ஈர மண்ணிலும் நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிர்த்திருக்கும். வெயிலில் காய்ந்தால் செத்துவிடும். பெத்தி மொலோஸிடமும் ஒரு லெப்டோஸ்பைரா கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் இங்கே நோயாளிகளிடம் பெரும்பாலும் காணப்படுவது அதுவல்ல, எலியிடம் உள்ள இன்டெரோகன்ஸ் என்ற லெப்டோஸ்பைரா இனம். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய இடம் கூரையல்ல, கொல்லை.

முதலில் எச்சத்தைக் குச்சியால் அழுத்திப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்து, உள்ளே பூச்சிச் சிறகுத் துணுக்குகள் மினுங்கினால் வௌவால். உதிராமல் கெட்டியாக இருந்தால் எலி.

எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காதீர்கள், தூசி மூச்சில் ஏறும். கையுறை, முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து அள்ளுங்கள். பிறகு 2.6 சதவீத ஜவேல் (ப்ளீச் திரவம்) ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அழுக்கை அள்ளாமல் ஊற்றினால் ஜவேலின் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். வினிகரோ வேறு கழுவு திரவமோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கோழித் தீவனத்தை மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். மழைக்குப்பின் தோட்டத்தில் இறங்கும்போது பூட்ஸ் அவசியம். காலில் கீறல் இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி.

கூரை இடுக்கை அடைப்பதானால் சுற்றுச்சூழல் துறையைக் கேட்காமல் கைவைக்காதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அறவே வேண்டாம். பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே மாட்டிச் சாகும். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் எடுக்காதீர்கள். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

ஈர மண்ணில் வேலை செய்த ஒன்றிரண்டு வாரத்தில் திடீர்க் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால் டெங்கு என்று காத்திருக்காதீர்கள். தோட்ட வேலையை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டெங்கு வைரஸ், அதற்கு ஆன்டிபயாடிக் பலிக்காது. லெப்டோவுக்குப் பலிக்கும், அதுவும் முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்.